மணப்பாட்டுப் பாறைக்குப் போறியளா, மத்தியானத்துல போவாதிய

திருச்செந்தூர் போனா எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. கடல்ல முங்கி, நாழிக்கிணத்துல குளிச்சு, சாமி கும்பிட்டு, ஓட்டல்ல இலை போட்டு சாப்பிட்டு முடிச்சதும் வேன்ல ஏறும்போது சித்தப்பா ஆரம்பிப்பாவ, "இங்கன பக்கத்துலதான மணப்பாடு, இருபது கிலோமீட்டர் கூட இல்ல, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம்"னு. குலசேகரப்பட்டினம் தாண்டி அங்க போயி எறங்கும்போது மணி ஒன்றரை. பாறை தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும், தண்ணி ஏறி, மீனும் நண்டும் இருக்க பாறைக்குழியெல்லாம் மூடிக் கிடக்கும், ஒரு பறவை இருக்காது. மேல 1581ல கட்டுன திருச்சிலுவைக் கோயிலைப் பாத்துட்டு, நாலு செல்ஃபி எடுத்துட்டு, "போட்டோல பாக்கதுக்குத்தாம்டே நல்லாருக்கு"னு திரும்பிருவோம். இப்படி மூணு தடவை போயிருக்கோம், மூணு தடவையும் ஒரே தப்பு. கோயில் நடை சாத்துற நேரம் பாத்துப் போற நாம கடலுக்கும் ஒரு நேரம் உண்டுன்னு யோசிக்கவே இல்ல.

கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், அது தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்னைக்கு காலையில 7 மணிக்கு வத்துனா நாளைக்கு 8 மணிகிட்ட ஆயிரும். நம்ம மன்னார் வளைகுடாவுல ஏறுறதுக்கும் வத்துறதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்ளதான், குஜராத்ல பாவ்நகர் பக்கம் 10 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும்னா பாத்துக்கிடுங்க. அதனால இங்க பாறைக்குழியெல்லாம் நல்லா தெரியணும்னா அமாவாசை, பௌர்ணமி, அதை ஒட்டி வர்ற ஒன்னு ரெண்டு நாள், அப்பதான் போகணும். அட்டமி நவமியில நல்ல காரியம் செய்யக்கூடாதுன்னு எங்க ஆச்சி சொல்லுவா, மத்த காரியம் எப்படியோ, பாறைக்குழி பாக்குறதுக்கு அது நூத்துக்கு நூறு சரி. அந்த சமயத்துல தண்ணி பெருசா ஏறவும் ஏறாது, வத்தவும் வத்தாது. நேரம் பாக்க போன்லயே ஆப் இருக்கு, இல்லன்னா கரையில வலை சரி பண்ணிக்கிட்டு இருக்கவங்ககிட்ட "அண்ணாச்சி, தண்ணி எப்ப வத்தும்"னு கேட்டா போதும், ஆப்பை விட அவங்க சொல்றது கரெக்டா இருக்கும். கேக்கப் போகும்போது விரிச்சிருக்க வலையை செருப்புக் காலோட மிதிச்சுட்டுப் போவாதிய, அது அவங்க சோறு. வத்துற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போயிட்டு, தண்ணி திரும்பி ஏற ஆரம்பிச்சதும் கெளம்பிரணும்.

திருச்செந்தூர்ல "கடல் உள்வாங்கியது"ன்னு அடிக்கடி நியூஸ் வரும்லா, பச்சைப் பாசி பிடிச்ச பாறையெல்லாம் வெளிய தெரியும், ஒரு கூட்டம் பயந்து ஓடும், இன்னொரு கூட்டம் பாறை மேல ஏறி போட்டோ எடுக்கும். பெரும்பாலும் அது அமாவாசை பௌர்ணமி சமாச்சாரம்தான், மணிக்கணக்குல பைய வத்தி பைய ஏறும். ஆனா நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே சில நிமிஷத்துல கடல் மளமளன்னு பின்னால போச்சுன்னா அது வேற, 2004 டிசம்பர் 26 மாதிரி, அப்ப போனையும் எடுக்காம செருப்பையும் தேடாம மேட்டைப் பாத்து ஓடணும்.

ஏத்தம் இங்க கம்மிதானன்னு தைரியமா இருந்துராதிய, ஆளைத் தூக்குறது அலைதான். ரெண்டு மூணு நிமிஷம் சும்மா கிடக்கும், அப்புறம் திடீர்னு வரிசையா நாலஞ்சு பெருசா வரும், சரியா அந்த நேரத்துலதான் நம்மாளு கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு கையை விரிச்சு போஸ் குடுத்துக்கிட்டு இருப்பான். நான் இப்பல்லாம் போனதும் இறங்க மாட்டேன், காஞ்ச பாறையில கால் மணி நேரம் உக்காந்து அலை எதுவரைக்கும் ஏறுதுன்னு பாப்பேன். பாறை ஈரமா இருந்தா அங்க கொஞ்ச நேரம் முன்னாடி அலை வந்திருக்குன்னு அர்த்தம், திரும்பவும் வரும். சித்திரை வைகாசி பக்கம் கள்ளக்கடல்னு ஒன்னு உண்டு. இங்க காத்தே இருக்காது, வானம் தெளிவா இருக்கும், ஆனா தெக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிச்ச புயல்ல கெளம்புன அலை நாள் கணக்குல பயணம் பண்ணி நம்ம கரையில வந்து ஏறும். பேரே கள்ளக்கடல், திருட்டுத்தனமா வரும். 2024 மே 6ம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்ல மருத்துவ மாணவர்கள் 5 பேர் செத்துப்போனது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த சமயத்துலதான். ஐதராபாத்ல இருக்க இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே சொல்லுது, டிவி நியூஸ்ல அடியில ஓடும், அதைப் பாத்தா அன்னைக்கு ட்ரிப்பை கேன்சல் பண்ணிட்டு வீட்டுல இருங்க.

செருப்பு விஷயம். ஹவாய் செருப்பு போட்டுட்டுப் போனா பாசியில வழுக்கி விழுவீங்க, செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட போனா பாறையில சின்னச் சின்ன எரிமலை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே அந்தக் கொட்டலசு காலைக் கிழிச்சுரும். பழைய கேன்வாஸ் ஷூ போதும், ஈரமானா ஆகட்டும். கிழிச்சா நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு மணல் போகக் கழுவிட்டு டிடி ஊசி விஷயத்தை டாக்டர்கிட்ட கேளுங்க. சொறி மீன், அதான் ஜெல்லி மீன், பட்டா தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணி ஊத்தக் கூடாது, கடல் தண்ணியிலயே அலசிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்ப குழிக்கு வருவோம். போனதும் எட்டிப்பாத்து "ஒன்னும் இல்ல"ன்னு அடுத்த குழிக்கு ஓடுறதுதான் எல்லாரும் பண்றது. நம்ம நிழல் விழுந்ததுமே உள்ள இருக்க எல்லாம் ஒளிஞ்சிரும், அப்புறம் எங்க தெரியும்? நிழல் விழாத பக்கமா குத்த வச்சு அஞ்சு நிமிஷம் அசையாம இருந்து பாருங்க. முதல்ல கண்ணாடி மாதிரி ஒரு இறால் வரும், அப்புறம் பாறை நிறத்துலயே விரல் நீள மீனு, அப்புறம் நத்தைன்னு நினைச்சது கால் முளைச்சு நடக்கும், பூ மாதிரி விரிஞ்சு கிடக்கது கடல் சாமந்திங்கிற உயிருன்னு புரியும். அந்தச் சாமந்தியை விரல் விட்டு குத்திப் பாக்குறது பெரிய தப்பு, அது மூடிக்கிட்டா அந்த நேரத்துக்கு இரை பிடிக்க முடியாது. கல்லைப் புரட்டுனா பாத்துட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வைக்கணும், அடியில ஒட்டியிருக்க முட்டையும் மத்ததும் வெயில் பட்டா கொஞ்ச நேரத்துல காஞ்சு போயிரும். கூம்பு மாதிரி அழகா டிசைன் போட்ட சங்கு கிடந்தா மட்டும் தொடவே தொடாதிய, கூம்பு நத்தை உயிரோட இருந்தா விஷ ஊசி போடும், அதுல சில வகை ஆளையே கொன்னுரும், மாத்து மருந்தும் கிடையாது.

எங்க அக்கா மவன் உவரியில நாலு சங்கு பொறுக்கி வயர்கூடையில போட்டு வச்சிருந்தான். காலி சங்குன்னுதான் எல்லாரும் நினைச்சோம். திசையன்விளை பஸ்ல ஏறி கொஞ்ச நேரத்துல முன் சீட்டுல இருந்த அம்மா "ஏ, ஏதோ ஊருது"ன்னு ஒரு கத்து கத்துனாவ, பாத்தா ஒரு சங்கு இறங்கி நடந்து போயிக்கிட்டு இருக்கு. துறவி நண்டு. அதுக்கு வயித்துப் பக்கம் ஓடு கிடையாது, செத்த நத்தையோட சங்குக்குள்ளதான் குடியிருக்கும், வளர வளர பெரிய வீடா தேடி மாத்திக்கிட்டே இருக்கும். அதனால நெசமாவே காலியா கிடந்தாலும் அது இன்னொன்னுக்கு வாடகை வீடு, அங்கனயே போட்டுருங்க. பஸ்ல போனது ஒன்னு, மிச்சம் மூணும் வீட்டு ஷோகேஸ்ல நாறி, மூணு நாள் அக்கா எங்கள யாரையும் வீட்டுக்குள்ள விடல. பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை இதெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது, எடுத்துட்டு வந்தா நாத்தத்தோட போகாது, கேஸும் ஆகும்.

பறவை பாக்குறதுக்கு கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் நல்லது. பழுப்புத்தலைக் கடற்காக்கா லடாக், திபெத் பக்கத்து ஏரியில குஞ்சு பொரிச்சுட்டு குளிருக்கு இங்க வரும், ஆலாவும் உள்ளானும் கூட கூட்டமா நிக்கும். பிள்ளையள "ஓடுலே, எல்லாம் பறக்கும்"னு ஏவி விட்டு வீடியோ எடுக்குறாவ, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அவ்வளவு தூரம் பறந்து வந்தது தண்ணி வத்துன அந்த ரெண்டு மூணு மணி நேரத்துலதான் பாறையில இரை பொறுக்கும், அதையும் நாம கெடுத்தா திரும்பிப் போறதுக்கு உடம்புல கொழுப்பு எங்க இருந்து சேரும்? கிட்டப் போகும்போது தலையைத் தூக்கிப் பாத்துச்சுன்னா அதோட நின்னுக்கிடுங்க. இன்னொன்னு, நம்ம கரையில காலையில கடலைப் பாத்தா சூரியன் கண்ணுல குத்தும், பறவையெல்லாம் கருப்பா நிழல் மாதிரிதான் தெரியும். அதனால பறவைக்காகவே போறதா இருந்தா சாயங்காலம் தண்ணி வத்துற நாளா பாத்துப் போங்க.

கோடையில மணல் பக்கம் நடந்தா கீழ பாத்து நடக்கணும். உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் வெறும் மணல்ல ஒரு பள்ளம் பறிச்சு முட்டை வைக்கும், மணல் நிறத்துலயே இருக்கும், மிதிச்ச பிறகுதான் தெரியும். ஒரு சின்னப் பறவை றெக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டே முன்னால ஓடுச்சுன்னா பாவம்னு பிடிக்கப் போகாதிய, கூட்டை விட்டு நம்மளத் தள்ளிக் கூட்டிட்டுப் போகுது, வந்த வழியே திரும்பிருங்க.

தீனி போடுறதும் வேண்டாம். சித்தப்பா கடற்காக்காவுக்குன்னு மிக்சர் பொட்டலத்தைப் பிரிச்சு வீசுனாவ, ஒரு கடற்காக்கா கூட திரும்பிப் பாக்கல, எங்க இருந்தோ இருபது ஊர்க்காக்காயும் ரெண்டு நாயும் வந்துருச்சு. அந்தக் காக்காயும் நாயும்தான் அப்புறம் மணல்ல இருக்க முட்டையைத் தேடித் திங்கும். மிச்சப் பொட்டலத்தைப் பிடுங்கி வேனுக்குள்ள வச்சேன், உடன்குடி தாண்டுறதுக்குள்ள அதையும் சித்தப்பாவே காலி பண்ணிட்டாவ.