ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் போடப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் அட்டை வாங்குவது எப்படி

திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா கிளம்புகிறவர்களுக்கு விசா ஞாபகம் இருக்கும், டிக்கெட் ஞாபகம் இருக்கும், ஹேமருக்கும் பிட்டுக்கும் உதிரி எடுத்து வைத்தாயிற்றா என்பது தூக்கத்தில்கூட ஞாபகம் இருக்கும். மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வரும். ஆட்களை அனுப்பி வைப்பது என் வேலை. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. நான் முதல்முறை ஊசிக்குக் கிளம்பியபோது என் அம்மா, "இதுக்கெதுக்கு மெட்ராஸ் வரைக்கும்? கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சாப் போதாதா?" என்றார். மஞ்சள் காய்ச்சல் என்பது கொசு பரப்பும் வைரஸ் காய்ச்சல். முற்றிப்போனால் கல்லீரல் கெட்டுக் கண் மஞ்சளாகும், அதனால் அந்தப் பெயர். வந்துவிட்டால் வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. இந்தியாவில் பரவியதே இல்லை.

இல்லாத நோய்க்கு ஊசி, ஊசி போட்டதற்குச் சான்றாக ஒரு அட்டை, எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று எல்லாரும் கேட்பார்கள். நோய் இல்லை, கொசு இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரிலும் அது தயாராக உட்கார்ந்திருக்கிறது. உடம்பில் வைரஸோடு ஒரு ஆள் வந்து இறங்கி, அவரை அந்தக் கொசு கடித்தால் போதும். 2016-இல் அங்கோலாவில் நோய் பரவியபோது, அங்கே வேலைக்குப் போன சீனர்களில் 11 பேர் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஆசியாவுக்குள் இந்த நோய் வந்தது அதுதான் முதல் தடவை. நல்லவேளை, அங்கே மேற்கொண்டு பரவவில்லை. அவர்களும் நம்மைப் போல வேலைக்குப் போனவர்கள்தான்.

ஆக, ஊசி உங்களைக் காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் அரசாங்கம் அட்டையைக் கேட்பது உங்களுக்காக இல்லை, ஊருக்காக. இது பிடிபட்டுவிட்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரியும். ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதாரமும் நம் அரசியல் சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பு. துறைமுகத்தில் தனிமைப்படுத்துவது மட்டும் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு 1954-இல் தனி விதிகளே போட்டிருக்கிறார்கள். இமிகிரேஷனுக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்தச் சுகாதார அதிகாரி மத்திய அரசின் ஆள். அவரிடம் உள்ளூர்ச் செல்வாக்கு எடுபடாது.

இப்போது, எல்லாரும் மாட்டுகிற இடம். கானா, உகாண்டா, அங்கோலா போன்ற நாடுகள் நுழையும்போதே அட்டை கேட்கும். கென்யா அப்படி இல்லை. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் அட்டை கேட்பதில்லை, ஏனென்றால் நம் நாட்டில் நோய் இல்லை. ஆனால் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் கென்யா இருக்கிறது, அங்கிருந்து திரும்புகிறவரிடம் இங்கே அட்டை கேட்பார்கள். போகும்போது திறந்திருக்கும் கதவு வரும்போது மூடியிருக்கும்.

எங்கள் டிரில்லர் ஒருவர் இப்படித்தான் மாட்டினார். டிக்கெட் போட்ட ஏஜென்ட் "நைரோபிக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பாதி உண்மை. தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஊர் திரும்பியவரை விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் விடுதிக்குக் கூட்டிப்போனார்கள். 6 நாள். கொசுவலைக்குள் உட்கார்ந்து, முகூர்த்தத்தை வீடியோ காலில் பார்த்தார். அதிகாரியை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் திட்டியது ஏஜென்டை.

அதென்ன 6 நாள் கணக்கு? கொசு கடித்து 3 முதல் 6 நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும். அதுவரை நம் ஊர்க் கொசு உங்களைக் கடிக்கக் கூடாது, அவ்வளவுதான். கணக்கு அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து ஓடும், இங்கே இறங்கிய நாளிலிருந்து இல்லை. வழியில் துபாயில் 2 நாள் தங்கியிருந்தால் அதுவும் கழியும். அட்டை செல்லுபடியாக 2 நாள்தான் பாக்கி என்றால் அந்த 2 நாளோடு விட்டுவிடுவார்கள்.

செல்லுபடி என்றதும் தேதிக்கு வருவோம். ஊசி போட்டதிலிருந்து 10 நாள் கழித்துத்தான் அட்டைக்கு உயிர் வரும். 1-ஆம் தேதி போட்டால் 11-ஆம் தேதி முதல். அட்டையை நுழையும்போதே கேட்கும் நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், இறங்கும் நாளைக்கு முன் அந்த 10 நாள் முடிந்திருக்க வேண்டும். நான் ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிடுவேன். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். 2016 ஜூலை 11 முதல் இதுதான் உலக விதி. பழைய அட்டையில் 10 வருடம் என்று அச்சாகியிருந்தாலும் அது இன்றும் செல்லும். யாராவது "காலாவதி ஆயிடுச்சு, புதுசு போடணும்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கே போடுவது? தெருமுனை கிளினிக்கில் போட்டால் செல்லாது. அரசாங்கம் அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் உண்டு. நாங்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துக் கிண்டி போவோம். எந்த நாளில் போடுகிறார்கள், முன்பதிவு எப்படி என்பதைக் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் போட மாட்டார்கள், ஆட்களைச் சேர்த்து வைத்துத்தான் போடுவார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. மருந்து பொடியாக வரும். ஒரு குப்பியில் பல பேருக்கான அளவு இருக்கும். கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சம் குப்பைக்குத்தான் போகும். இரண்டு பேருக்காக ஒரு குப்பியை உடைத்தால் யாருக்கு நஷ்டம்?

ஒரிஜினல் பாஸ்போர்ட் கட்டாயம். ஜெராக்ஸை நம்பி ஈரோட்டிலிருந்து ரயிலேறி வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரிக்கின் மேல் ஏறி நிற்கிற ஆள் ஊசியைக் கண்டு மயங்கி விழுவதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மேல்கையில் தோலுக்கு அடியில் அரை மில்லி, அவ்வளவுதான். போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு. இது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த மருந்து, அதுவும் கோழி முட்டைக்குள் வளர்த்தது. முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் சொல்லுங்கள். எச்ஐவி, புற்றுநோய்ச் சிகிச்சை, ஸ்டீராய்டு மாத்திரை எதுவானாலும் சொல்லுங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள், மனைவி கர்ப்பமாக இருந்தாலோ கைக்குழந்தைக்கு 9 மாதம் ஆகவில்லை என்றாலோ முதலிலேயே கேளுங்கள். 60 தாண்டியவருக்கு டாக்டர் யோசித்துத்தான் போடுவார். அண்மையில் வேறு உயிருள்ள தடுப்பூசி போட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும். போட முடியாத உடம்பு என்றால் டாக்டர் கடிதம் தருவார். ஆனால் அதைக் காட்டினாலும் முடிவு விமான நிலைய அதிகாரி கையில்தான்.

மஞ்சள் அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள், வெளியே வந்து படித்துப் பிரயோஜனம் இல்லை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பாஸ்போர்ட் எண் சரியா, தேதியில் மாதம் எழுத்தில் இருக்கிறதா, மருந்தின் தயாரிப்பாளரும் பேட்ச் எண்ணும் எழுதியிருக்கிறதா, மையத்தின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மருத்துவர் கையெழுத்து தனியாக இருக்க வேண்டும், முத்திரை மட்டும் போதாது. உங்கள் கையெழுத்தும் வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அட்டையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இனிஷியலில்தான் சிக்கல் வரும்.

ஊசியே போடாமல் அட்டை வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டினால் வழக்கு, மாட்டாவிட்டால் உசிர், எது பரவாயில்லை என்று நீங்களே யோசியுங்கள்.

திரும்பி வரும் விமானத்தில் பணிப்பெண்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு மருந்து அடித்தபடி போனால் முகம் சுளிக்காதீர்கள், அது ஒளிந்து ஏறிய கொசுவுக்கு. விமான நிலையத்தில் பயணிகளும் விமானங்களும் சரக்கும் புழங்கும் இடங்களிலிருந்து குறைந்தது 400 மீட்டர் வரை கொசுவை ஒழித்து வைக்க வேண்டும் என்றும் சர்வதேச விதி இருக்கிறது. அட்டையைப் பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாமல் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வையுங்கள். போனில் உள்ள போட்டோவைக் காட்டி வாதாட வேண்டாம். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதையும் சேர்த்துக் கொண்டு போங்கள், அட்டையில் இருப்பது பழைய எண்.

ஊர் வந்து சேர்ந்தபின் காய்ச்சல் அடித்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள். டாக்டரிடம் போனதும் எந்த நாட்டிலிருந்து என்றைக்கு வந்தீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி மலேரியாவைத் தடுக்காது, நம் ஆட்கள் அங்கிருந்து அதிகம் கொண்டு வருவது மலேரியாவைத்தான்.