டிசைனராக இருந்து பள்ளி ஆசிரியராக மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

விளம்பர ஏஜென்சியில் பதினோரு வருடம் குப்பை கொட்டிவிட்டு, சென்னையில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். இது ஆறாவது வருடம். மாதத்துக்கு ஒரு டிசைனராவது போன் செய்கிறார். ராத்திரி பதினொரு மணிக்கு க்ளையன்ட் 'லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க' என்று சொல்லியிருப்பார். மறுநாள் காலையில் எனக்கு போன் வரும். "சார், நானும் டீச்சிங் வந்துடலாம்னு பார்க்கிறேன்." தாராளமாக வாருங்கள். ஆனால் நான் தடுக்கி விழுந்த இடங்களைப் பார்த்து வாருங்கள்.

முதல் தவறு, ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தகுதியை விசாரிப்பது. பள்ளியில் வேலை என்பது ஒரு பாடத்தின் பெயரில்தான் கிடைக்கும். 'டிசைன் ஆசிரியர்' என்றொரு பணியிடம் பெரும்பாலான பள்ளிகளில் கிடையாது. அப்படியானால் உங்கள் பட்டம் எந்தப் பாடத்தில் போய் உட்காரும்? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம் என்பது தையல், இசை, உடற்கல்வி மாதிரி சிறப்பாசிரியர் கணக்கு. 2012-ல் இந்த மாதிரிப் பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தித்தாள் படிக்கிற எல்லோரும் அறிவார்கள்.

கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மாதிரி பாடங்களுக்குப் போவதானால் பி.எட். வேண்டும். எட்டாம் வகுப்பு வரை எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். 150 மதிப்பெண்ணுக்குப் பொதுப்பிரிவினர் 90 எடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் அந்தப் பாடத்தில் முதுகலை, கூடவே பி.எட்., அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு. கேந்திரிய வித்யாலயாவில் 2022-ல் ஓவிய ஆசிரியருக்கு ஓவியம், சிற்பம் அல்லது கிராஃபிக் கலையில் ஐந்தாண்டு டிப்ளமோ, அல்லது அதற்கு இணையான பட்டம் கேட்டார்கள். இப்போது கேட்கிற தகுதிக்கு உங்கள் நான்கு வருட பி.டெஸ். (டிசைன் பட்டம்) பொருந்துமா என்பதை விசாரித்து உறுதி செய்யாமல் வேலையை விடாதீர்கள்.

இன்னொரு கனவும் பலருக்கு உண்டு: 'அஞ்சல் வழியில் பி.எட். போட்டுடலாம், வேலையும் பார்த்துக்கலாம்.' முடியாது. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் மாதிரியானவர்களுக்கானது. புதிதாக வருகிறவர் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். 2015-லிருந்து அது இரண்டு வருடப் படிப்பு. அதில் இருபது வாரம் பள்ளியில் பயிற்சி. இரண்டு வருடம் சம்பளமில்லாமல் வீட்டு வாடகை எப்படி என்பதை முதலில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

அப்புறம், தொழில் தெரிந்தால் பாடமும் தெரிந்துவிடும் என்று நினைப்பது. சி.பி.எஸ்.இ. மேல்நிலையில் பெயின்டிங், கமர்ஷியல் ஆர்ட் போன்ற பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70. அந்த முப்பதில், டிசைனர்கள் கொண்டாடும் ஜெர்மன் கலைப்பள்ளியான பௌஹவுஸ் வராது. பன்னிரண்டாம் வகுப்பில் ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காணச் சிற்றோவியங்கள், வங்க ஓவியப் பாணி (பெங்கால் ஸ்கூல்) என்று போகும். நான் முதல் வருடம் ராஜஸ்தானி ஓவியத்தில் மேவார் பாணிக்கும் பூந்தி பாணிக்கும் வித்தியாசம் தெரியாமல், ராத்திரி படித்துக் காலையில் ஒப்பித்தேன். செய்முறையிலும் மவுஸ் கிடையாது. தாள், தூரிகை, வண்ணம்தான். பத்து வருடமாகக் கையில் பிரஷ் தொடாதவர், சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு வண்ணப் பெட்டி வாங்கிவிடுவது நல்லது.

முதல் வகுப்புக்கு எழுத்துருக்களைப் பற்றி 42 ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போனேன். நாற்பது நிமிட பீரியட். வருகைப் பதிவு, 'சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டா', ப்ரொஜெக்டர் கேபிளைத் தேடுவது எல்லாம் முடிந்து ஆறாவது ஸ்லைடில் மணி அடித்தது. இப்போது ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு படம்தான்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஃப்ரீலான்ஸ் செய்து ஈடுகட்டலாம் என்றிருந்தேன். பணி உத்தரவிலேயே வெளிவேலை கூடாது என்று ஒரு வரி இருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். மே மாத விடுமுறையும் நினைத்த அளவுக்கு நீளமில்லை. விடைத்தாள், பயிற்சி வகுப்பு, அட்மிஷன் வேலை என்று கரைந்துவிடும்.

இதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும் சமாச்சாரம். மாற்றிக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது கைப்பழக்கம்தான். முதல் வருடம், ஒன்பதாம் வகுப்பு, டெங்கு விழிப்புணர்வு போஸ்டர். ஒரு பையன் நடுவில் ஹெலிகாப்டர் அளவுக்கு ஒரு கொசு வரைந்திருந்தான். மேலே 'தண்ணீர் தேங்க விடாதீர்'. இடம் போதாமல் கடைசி 'தீர்' ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது. ரப்பரை வாங்கி, எழுத்துகளுக்கு இடைவெளி பிரித்து, கொசுவைச் சின்னதாக்கி மூலையில் வைத்தேன். ஏஜென்சியில் இருந்து வந்த மாதிரியே ஆகிவிட்டது. நோட்டீஸ் போர்டில் மாட்டி, பக்கத்தில் நிற்கச் சொல்லி போட்டோ எடுக்கப் போனேன். அவன் நிற்கவில்லை. "அது நீங்க வரைஞ்சது சார்" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டிசைனருக்குச் சம்பளமே சரிசெய்வதற்குத்தான். தப்பாக ஒரு கோடு கண்ணில் பட்டால் நம்மால் சும்மா இருக்க முடியாது. ஆனால் வகுப்பில் நாம் சரிசெய்துவிட்டால் அந்தப் பையன் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. வாயும் அப்படித்தான். ஸ்டுடியோவில் 'இது ஒர்க் ஆகலை' என்றால் லேஅவுட்டைச் சொல்கிறோம் என்று சக ஊழியருக்குப் புரியும். பதினாலு வயசுப் பிள்ளை தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த வருடம் அதே போஸ்டர், வேறு வகுப்பு. ஒரு பெண்ணிடம் இவ்வளவுதான் கேட்டேன்: "தூரத்துல இருந்து பார்த்தா முதல்ல என்ன தெரியுது?" அவள் படத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்ச் வரை நடந்து போனாள். அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து, கேட்காமலே பாதி தாளை அழித்தாள். அழித்ததில் நல்ல பகுதியும் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது வகுப்புக்குப் போகும்போது பென்சிலை ஸ்டாஃப் ரூமிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வருகைப் பதிவேட்டில் எழுத, முதல் பெஞ்சில்தான் பேனா கடன் வாங்குகிறேன்.