வேலைக்குப் போனால் பெல் கிராண்ட் போய்விடுமா? பயத்தில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பிள்ளை கல்லூரிக்குத் தயாராகும் வீடுகளில் அடிக்கடி கேட்பது: "பார்ட் டைம் வேலையெல்லாம் வேண்டாம், கிராண்ட் போய்விடும்." வருமானம் குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும், திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட் உதவித்தொகையைத்தான் சொல்கிறார்கள். (குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வீடுகளைச் சொல்கிறேன். எஃப்-1 விசாவில் வந்தவர்களுக்கு பெல் கிராண்ட் கிடையவே கிடையாது.)

முதல் தவறு, கணக்குப் போடாமலே பயப்படுவது. 2025-26 ஃபாஃப்ஸாவில் (அரசின் கல்லூரி நிதியுதவி விண்ணப்பப் படிவம்), பெற்றோரைச் சார்ந்த மாணவரின் வருமானத்தில் 11,510 டாலர் வரை கழிவு உண்டு. அதற்கு மேல் உள்ளதில் வரிகளும் போக, மிச்சத்தில் பாதிதான் எஸ்.ஏ.ஐ. எண்ணில் (குடும்பத்தின் வருமானம், சொத்தை வைத்து உதவித் தேவையை அளக்கும் எண்) சேரும். மளிகைக் கடையில் வருடத்துக்கு 14,000 டாலர் சம்பாதித்த மாணவியை எடுத்துக்கொள்வோம். கழிவு போக 2,490. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர், வருமான வரி போனால் சுமார் 1,400. அதில் பாதி 700. பொதுவாக, அதிகபட்சத் தொகையான 7,395 டாலரிலிருந்து எஸ்.ஏ.ஐ.யைக் கழித்துத்தான் பெல் தருகிறார்கள். ஆக, 14,000 சம்பாதித்ததற்கு இழப்பு 700. இதற்காகவா வேலையை விடுவது?

பெற்றோர் வருமானம் குறைவென்றால் அதுவும் இல்லை. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோரின் 2023 வருமானம் 52,500 டாலருக்குள் இருந்தால், பிள்ளை எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் முழு பெல் உண்டு.

உண்மையில் கையைக் கடிப்பது சேமிப்பு. அதே மாணவி 5,000 டாலரைத் தன் பெயரில் வங்கியில் போட்டு வைத்திருந்தால், அதில் 20 சதவீதம், அதாவது 1,000 டாலர், எண்ணில் ஏறிவிடும். மொத்தச் சம்பளத்தால் வந்ததைவிட அதிகம்! அதுவும் பணம் இருக்கும்வரை வருடா வருடம். பெற்றோரின் சொத்துக்கு இந்த விகிதம் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான். படிவத்தில் கையெழுத்திடும் நாளில் உள்ள இருப்புதான் கணக்கு என்பதால், எப்படியும் வாங்கப் போகிற லேப்டாப்பை அதற்கு முன்பே வாங்கிவிடலாம். 529 கணக்கில் (கல்லூரிச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) போட்டாலும் சரி, அது பெற்றோர் சொத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். பெற்றோர் வருமானம் 60,000 டாலருக்குக் கீழே, வரிப் படிவமும் எளிமையானது என்றால் சொத்தே கணக்கில் வராது.

அப்புறம் இன்னொரு தவறு, வளாகத்துக்குள் பார்க்கும் வேலையெல்லாம் ஒர்க்-ஸ்டடி (நிதியுதவியின் பகுதியாகத் தரப்படும் பகுதி நேர வேலை) என்று நினைப்பது. ஃபெடரல் ஒர்க்-ஸ்டடி என்று கல்லூரியின் நிதியுதவிக் கடிதத்தில் ஒதுக்கப்பட்ட வேலையின் சம்பளத்துக்குத்தான் வருமானக் கணக்கிலிருந்து விலக்கு. நூலகத்தில் தானாகத் தேடிக்கொண்ட வேலை சாதாரணச் சம்பளம்தான்.

"தனியாக அறை எடுத்து, என் செலவை நானே பார்க்கிறேன், அதனால் நான் சுயசார்பு மாணவன்" என்று எழுதுவதும் செல்லாது. 24 வயது ஆகாதவர் திருமணம், ராணுவப் பணி போன்ற காரணங்கள் இல்லாவிட்டால் பெற்றோரைச் சார்ந்தவர்தான்.

வருடத்தையும் கவனியுங்கள். 2025-26 படிவம் பார்ப்பது 2023 வருமானத்தை. இப்போது வேலையை விட்டாலும் அந்த எண் மாறாது. 2023-இல் நன்றாகச் சம்பாதித்து, இப்போது வேலை போயிருந்தால் மட்டும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு, வேலை போனதற்கான கடிதத்தோடு மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். தங்கள் விருப்புரிமையில் எண்களைத் திருத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு.