புலி மாட்டை அடிச்சிடுச்சா? முதல் ரெண்டு நாள் என்ன பண்ணணும்

மசினகுடி, தாளவாடி, ஆசனூர், தெங்குமரஹாடா மாதிரி காட்டோரமா மாடு வச்சிருக்கறவங்களுக்குத்தான் இது. மேய போன மாடு சாயங்காலம் திரும்பல, காலைல தேடினா புதர் ஓரமா கழுத்துல பல் பதிஞ்சு கிடக்கு. அப்ப வர்ற கோவம் நியாயமான கோவம்தான், கறக்கற மாடு போனா வீட்டு வருமானமே போச்சு. ஆனா அந்த கோவத்துல என்ன பண்றோம்ங்கறதுலதான் புலியோட உயிரும் இருக்கு, நமக்கு வரவேண்டிய நஷ்டஈடும் இருக்கு.

முதல் வேலை, தனியா கிட்ட போகாதீங்க. அடிச்ச புலி பெரும்பாலும் பக்கத்து புதர்லயே படுத்திருக்கும். வனத்துறை ஏரியா வாட்சருக்கோ ஃபாரஸ்டருக்கோ உடனே போன் போடுங்க, அவங்க வந்தப்புறம் பகல்ல நாலஞ்சு பேரா சத்தம் குடுத்துக்கிட்டு போங்க. போட்டோ நிறைய எடுங்க: காதுல இருக்கற மஞ்சள் டேக் நம்பர் தெரியற மாதிரி ஒண்ணு, கழுத்து காயம், இழுத்துட்டு போன தடம், அப்புறம் மிருகத்தோட காலடி தடத்து பக்கத்துல ஒரு தீப்பெட்டி வச்சு ஒண்ணு, அப்பதான் சைஸ் தெரியும்.

எது அடிச்சதுன்னு ஓரளவு நாமளே பாத்துக்கலாம். புலின்னா பெரும்பாலும் பின்தொடை பக்கமிருந்து திங்க ஆரம்பிக்கும், சிறுத்தைன்னா வயிறு, நெஞ்சு பக்கம். செந்நாய் கூட்டம்னா தொண்டைல ஆழமான கடி இருக்காது, அங்கங்க கிழிச்சிருக்கும். தடத்துல நகம் பதிஞ்சிருந்தா நாயோ செந்நாயோதான், புலி நடக்கறப்ப நகத்தை உள்ள இழுத்துக்கும்.

அடுத்ததுதான் நிறைய பேருக்கு பிடிக்காது. மாட்டை அங்கயே விட்டுடணும், புதைக்கக்கூடாது, இழுத்துட்டு வரக்கூடாது. புலி ஒரே ராத்திரில தின்னு முடிக்காது, திரும்ப திரும்ப வந்து சில நாள் திங்கும். நாம எடுத்துட்டோம்னா பசியோட இருக்கற புலி சீக்கிரமே அடுத்த மாட்டைத்தான் தேடும், அது உங்களோடதாவே இருக்கலாம். வீட்டு வாசல்லயே கிடக்குதுன்னா மட்டும் என்ன பண்றதுன்னு ஃபாரஸ்ட்காரங்க முடிவு பண்ணட்டும்.

செத்த மாட்டு மேல குருணை மருந்தை (வயலுக்கு போடற பூச்சி விஷம்) தூவற யோசனை வந்தா அதை அங்கயே விட்டுடுங்க. 2023 செப்டம்பர்ல நீலகிரி அவலாஞ்சி பக்கம் விஷம் வச்ச மாட்டை தின்னு ரெண்டு புலி செத்துச்சு, மாட்டுக்காரர் அரெஸ்ட் ஆனார். 2025 ஜூன்ல கர்நாடகாவுல மலை மாதேஸ்வரா மலைல ஒரு தாய்ப்புலியும் அதோட நாலு குட்டியும், அஞ்சும் விஷம் வச்ச ஒரே மாட்டுல போச்சு. மாட்டை அடிச்சது ஒரு புலி, செத்தது குடும்பமே. வனவிலங்கு சட்டத்துல இதுக்கு குறைஞ்சது 3 வருஷம் ஜெயில், 7 வருஷம் வரைக்கும் போகும். அதோட சீகூர், மாயார் பக்கம் மிச்சமிருக்கற பாறு கழுகுங்களும் அதே மாட்டைத்தான் திங்க வரும்.

கழுகுன்னதும் இன்னொண்ணு. சாகறதுக்கு முன்னாடி மாட்டுக்கு ஏதாவது வலி ஊசி போட்டிருந்தீங்கன்னா மறைக்காம வாட்சர்கிட்ட சொல்லிடுங்க. டைக்ளோஃபெனாக்ங்கற வலி மருந்தை மாட்டுக்கு போடறதை 2006லயே தடை பண்ணிட்டாங்க, காரணம் அந்த மாட்டை தின்ன கழுகுக்கு கிட்னி போயிடும், ஆனா மனுஷனுக்கு விக்கற மருந்தை வாங்கி போடறவங்க இன்னும் இருக்காங்க.

நஷ்டஈட்டுக்கு ரேஞ்சர் ஆபீஸ்ல மனு அன்னைக்கே குடுங்க, கவர்மெண்ட் கால்நடை டாக்டர் சர்டிபிகேட், போட்டோ, பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் சேத்து. மனு வாங்கினதுக்கு கையெழுத்து, தேதியோட ஒரு காப்பி கண்டிப்பா வாங்கிக்கோங்க. பணம் லேட்டாத்தான் வரும், கேட்டு கேட்டுத்தான் வாங்கணும், அந்த காப்பி இல்லாம எதையும் கேக்க முடியாது.

இதுக்கு நடுவுல மத்த மாடுங்களை செத்த மாடு கிடக்கற பக்கம் ஓட்டாதீங்க, பக்கத்து வீடுங்களுக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க. ராத்திரி வெளிய கட்டாதீங்க, கன்னுக்குட்டிங்களை கதவு இருக்கற கொட்டகைக்குள்ள அடைங்க. கொட்டகைய சுத்தி உண்ணிச்செடி மண்டியிருந்தா வெட்டி எடுத்துடுங்க, புலியோ சிறுத்தையோ பதுங்கறதுக்கு அதைவிட தோதான இடம் கிடையாது. வெட்டறப்ப வேரோட எடுக்கணும், மேலாக்க வெட்டினா அடுத்த மழைக்கே திரும்ப துளுத்துடும்.