விற்காத கன்சோலை எழுந்து நடக்க வைப்பது எப்படி?

விற்பனை படுத்துவிட்டால் வீடியோ கேம் கன்சோல் கம்பெனிகள் முதலில் கை வைப்பது விலையில்தான். கொஞ்சம் பொறுங்கள். வாங்க ஆசைப்பட்டு, விலையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் இருந்தால்தான் விலைக்குறைப்பு பலிக்கும். ஆசையே இல்லாதவருக்கு ஐம்பது டாலர் குறைத்து என்ன பயன்?

நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு நடந்தது அதுதான். 350 டாலர் மாடலை 2013 செப்டம்பரில் 300 ஆக்கினார்கள். பெரிதாக ஒன்றும் அசையவில்லை. கடைசிவரை விற்றது சுமார் 1.36 கோடி. 2011-இல் அதை அறிமுகப்படுத்தியபோது மேடையில் பேச்செல்லாம் திரை வைத்த அந்தப் பெரிய கன்ட்ரோலரைப் பற்றித்தான். கன்சோல் பெட்டியைக் கண்ணில் காட்டியதே அபூர்வம். அதற்கு முந்தைய கன்சோலான வீயின் ரிமோட்களும் இதில் வேலை செய்தன. வீட்டில் இருக்கும் வீயோடு சேர்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு துணைக்கருவி என்று நினைத்துப் பலர் நகர்ந்துவிட்டார்கள்.

அதனால் முதல் வேலை இது. கேம் பக்கமே வராத பத்துப் பேரிடம் உங்கள் பெட்டியைக் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். "இது என்ன? பழையது இருக்கும்போது இது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அட்டைப்பெட்டியையும் விளம்பரத்தையும் மாற்றுங்கள். விலை அப்படியே இருக்கட்டும்.

பதில் தெளிவாக வந்து, "ஆனா ரொம்ப விலை" என்று முடிகிறதா? சரி, அப்படியானால் வெட்டலாம். கிள்ளிக் கிள்ளிக் குறைக்கக் கூடாது. அடுத்த குறைப்பு எப்போது என்று சனம் காத்திருக்கத் தொடங்கிவிடும். நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல் 3டிஎஸ் 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. ஆகஸ்டில் 15,000. அமெரிக்காவில் 250 டாலரிலிருந்து 170. ஆறு மாதம்கூட ஆகவில்லை! தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்த நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பரில் மாரியோ கார்ட் 7. என்னைக் கேட்டால், இந்த இரண்டு கேம்களும் பின்னாலேயே வந்திருக்காவிட்டால் அந்த வெட்டு வீண். கேம் இல்லாத கன்சோலை மலிவாக விற்பது வெறும் கையால் முழம் போடுகிற வேலை. 3டிஎஸ் கடைசியில் ஏழரைக் கோடியைத் தாண்டியது.

முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களை மறந்துவிடாதீர்கள். நண்பர்களிடம் உங்கள் கன்சோலைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் அவர்கள்தான். இந்த விஷயத்தில் நின்டெண்டோ செய்ததைப் போல இன்னொன்றை நான் பார்த்ததில்லை. விலை குறைவதற்கு முன்பே 3டிஎஸ்ஸில் இணையக் கடைக்குள் நுழைந்திருந்தவர்களுக்கு இருபது கேம்கள் இலவசம்: நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான என்இஎஸ்ஸின் கேம் பத்து, கேம் பாய் அட்வான்ஸின் கேம் பத்து. அந்தக் கேம் பாய் அட்வான்ஸ் கேம்களை 3டிஎஸ்ஸில் வேறு யாருக்கும் கடைசிவரை விற்கவே இல்லை. கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. வாங்கியவருக்கோ அடுத்தவரிடம் இல்லாத ஒன்று கையில் கிடைத்தது.

விலையைக் குறைத்தால் நஷ்டம் ஏறுமே என்பீர்கள். உள்ளே இருப்பதைக் கழற்றுங்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 3-இன் பெரிய மாடல் 2006-இல் 600 டாலர். அடுத்த வருடமே 400 டாலருக்கு ஒரு மாடல் வந்தது: மெமரி கார்டு துளைகள் இல்லை, யுஎஸ்பி நான்கு இரண்டாயிற்று, முந்தைய பிளேஸ்டேஷன் 2-இன் கேம்களும் ஓடாது. கடைசியாகச் சொன்னது எனக்கு உறுத்தல்தான். பழைய கேம்களை நம்பி வருகிறவரை விரட்டக் கூடாது. 2009-இல் 300 டாலரில் ஸ்லிம் என்ற மெல்லிய மாடல் வந்தபிறகுதான் அது நிமிர்ந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கதை இன்னும் எளிது: கட்டாயமாகக் கூட வந்த, அசைவைப் பார்க்கும் கினெக்ட் கேமராவை 2014 ஜூனில் பிரித்து, 500-ஐ 400 ஆக்கினார்கள். கினெக்டுக்கு ஒதுக்கியிருந்த கிராஃபிக்ஸ் சக்தியில் ஒரு பங்கு கேம்களுக்கும் திரும்பியது.

இவ்வளவுக்குப் பிறகும் அசையவில்லையா? சரக்கைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டுக் கேம்களைக் காப்பாற்றுங்கள். வீ யூவில் மாரியோ கார்ட் 8 கேம் விற்றது சுமார் 85 லட்சம். அதையே கொஞ்சம் கூட்டி 2017-இல் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் விட்டார்கள். ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. புதிய செல்டா கேமை இரண்டு கன்சோலிலும் ஒரே நாளில் வெளியிட்டார்கள், பழையதை வைத்திருந்தவர் ஏமாறவில்லை. வீ யூ உற்பத்தி 2017 தொடக்கத்தில் நின்றது. அதன் ஆன்லைன் ஆட்டம் 2024 ஏப்ரல் வரை ஓடியது. அடுத்த கன்சோலின் முதல் வாடிக்கையாளர் பட்டியல் அந்த ஆன்லைன் கணக்குகளில்தான் இருக்கிறது. சர்வர் செலவைக் கடைசியில் வெட்டுங்கள்.