பாஸ்கெட்பாலில் விங்கில் ஆடிப் பாயிண்ட் எடுப்பது எப்படி? (கீழே விழுந்து சீன் போடாமல்)

டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) பண்ண வரும், வலது கையில் லே-அப் (ரிங் பக்கத்தில் ஓடி எழும்பிப் போடுவது) விழும், ஐந்து பேரில் யார் எங்கே நிற்பது என்று தெரியும். அந்த அளவு வந்தவர்களுக்கான செய்முறை இது. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி ஷாட்) கோட்டை இரண்டு பக்கமும் நீட்டினால் மூன்று பாயிண்ட் வளைவை எங்கே தொடுமோ, அந்த இடத்தைச் சுற்றித்தான் விங்.

என்பிஏ (அமெரிக்க லீக்) ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வரும் பையன்கள் முதலில் காப்பி அடிப்பது இரண்டு விஷயம். ஒன்று, டேட்டமின் ஸ்டெப்-பேக் (பின்னால் அடி வைத்து எறிவது). இன்னொன்று, ஹார்டன் மாதிரி எதிராளியின் கையில் தன் கையைக் கோர்த்துவிட்டு ரெஃபரியைப் பார்த்துக் கத்துவது. இரண்டுக்கும் முன்னால் நடக்கும் கால்வேலை ஹைலைட்டில் அரை நொடிதான் வரும், கண்ணில் நிற்காது. இந்தப் பதிவில் பாதி அந்த அரை நொடிதான்.

முதலில் கோர்ட்டை அளந்துவிடுங்கள்

வடசென்னையில் வியாசர்பாடி என்றால் ஃபுட்பால், ராயபுரம் என்றால் பாக்ஸிங்கும் கேரமும். பாஸ்கெட்பாலுக்கு நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் சிமெண்ட் கோர்ட். அதில் பெயிண்ட் எப்போது அடித்தது என்று பாருங்கள். 2010இல் ஃபிபா (உலக பாஸ்கெட்பால் சம்மேளனம்) மூன்று பாயிண்ட் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குத் தள்ளியது, சரிந்த பக்கங்களோடு இருந்த கீயையும் (ரிங்குக்கு முன்னால் இருக்கும் கட்டம்) நேர்ச்செவ்வகமாக்கியது. உங்கள் கோர்ட்டில் கீ இன்னும் அடிப்பக்கம் விரிந்திருந்தால், அங்கே இருக்கும் மூன்று பாயிண்ட் கோடும் பழசாகத்தான் இருக்கும். அதில் பழகிவிட்டு மேட்சுக்குப் போனால் எல்லா ஷாட்டும் ரிங்கின் முன்விளிம்பில் அடிக்கும்.

ஒரு இன்ச் டேப்பும் சாக்பீஸும் போதும். எண்ட் லைனின் (ரிங்குக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடு) உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் ஒரு புள்ளி வையுங்கள். ரிங்கின் நடுப்புள்ளி அதற்கு நேர் மேலே இருக்கும். அங்கிருந்து 6.75 மீட்டர் கயிறு கட்டி வளைவு போடுங்கள். கார்னரில் மட்டும் சைடு லைனிலிருந்து 90 செ.மீ. உள்ளே நேர்கோடு வரும், அதனால் அங்கே தூரம் 6.60தான்.

பந்து: சிமெண்டுக்கு ரப்பர் பந்துதான், வேறு பேச்சே இல்லை. காம்போசிட் லெதர் கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் சிமெண்டில் சீக்கிரமே வழவழப்பாகிவிடும். பெரியமேடு கடைகளில் நிவியா, காஸ்கோ எதுவாக இருந்தாலும் சரி. ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6. ஷூவுக்கு அடிப்பாகம் கெட்டி ரப்பராக, மீன்முள் வடிவ வரியோடு இருக்கட்டும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கோர்ட்டில் பொடி மணல் படியும், குறிப்பாக எண்ட் லைன் ஓரமாக. ஆரம்பிக்கும் முன் பெருக்குங்கள், ஈரத்துணியில் ஷூவைத் துடையுங்கள். மணலில் சறுக்கி விழுபவனைத்தான் பாதி நேரம் "ஏய், ஃபிலிம் காட்டாதடா" என்று கத்துகிறார்கள்.

ஸ்டெப் 1: பந்தை வாங்குவது

நின்ற இடத்திலேயே கை நீட்டிக் கேட்டால் டிஃபெண்டர் நடுவில் கையை விடுவான். ரிங் பக்கம் இரண்டு மூன்று அடி நிதானமாகப் போங்கள், அவன் பின்னால் வந்ததும் உள்கால் ஊன்றி வெளியே வெடித்து வாருங்கள். வேகம் திரும்பும்போதுதான், போகும்போது இல்லை.

பந்து கைக்கு வரும் நேரத்தில் சின்னக் குதி குதித்து இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் படட்டும். அப்போது எந்தக் காலையும் பிவட்டாக (ஊன்றியே இருக்க வேண்டிய கால்) வைத்துக்கொள்ளலாம். ஒன்று, இரண்டு என்று கால் வைத்து நின்றால் முதலில் பட்ட கால்தான் பிவட், மாற்ற முடியாது.

ஸ்டெப் 2: அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான்?

வாங்கியதும் பந்து இடுப்புக்கு மேல், முட்டி மடங்கி. மூன்றே நிலைமை. ஒரு கைநீளத்துக்கு மேல் தள்ளி நின்றால் ஷாட். ஓடி வந்து கொண்டிருந்தால் டிரைவ் (பந்தைத் தட்டியபடி ரிங்கை நோக்கிப் பாய்வது), அவன் முன்னால் வைத்த கால் பக்கமாக. அந்தக் காலைப் பின்னால் இழுத்துத்தான் அவன் திரும்ப முடியும். மூச்சு படும் அளவுக்கு ஒட்டி நின்றால் ஜேப் ஸ்டெப் (பிவட் அல்லாத காலை முன்னே வைத்து ஏமாற்றுவது). நாலாவதாக எதையும் யோசிக்காதீர்கள். பந்தை வைத்துக்கொண்டு இரண்டு நொடி யோசித்தால் மற்ற நால்வரும் உதவிக்கு வந்துவிடுவார்கள்.

ஸ்டெப் 3: முதல் அடி (எல்லோரும் டிராவல், அதாவது பந்தோடு கால் தப்பு, வாங்குவது இங்கேதான்)

விதி எளிது. நின்ற நிலையிலிருந்து டிரிபிள் தொடங்கினால், பிவட் கால் தரையை விட்டு எழுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இது தெரிந்தும் ஏன் டிராவல் ஆகிறது?

காரணம் எடை. வலது கைக்காரர் இடது காலைப் பிவட்டாக வைத்து, வலது காலால் ஜேப் போடுகிறார். டிஃபெண்டரை நம்பவைக்க வேண்டும் என்று அந்தக் காலை இரண்டு அடி தூரம் நீட்டி, உடம்பையே அதன் மேல் சாய்த்துவிடுகிறார். இப்போது கிளம்ப வேண்டும் என்றால் எடையைத் திரும்ப இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் இடது கால் தானாகச் சரக்கென்று நகரும். அவருக்கே தெரியாது. ரெஃபரிக்குத் தெரியும்.

சரி செய்வது இப்படி:

ஜேப் அடி ஒரு செருப்பு நீளம், அதற்கு மேல் வேண்டாம். எடையில் முக்கால்வாசி பிவட் காலின் முன்பாதத்திலேயே இருக்கட்டும். குதிகால் எழும்பலாம், பாதத்தின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் போதும். ஏமாற்றுவது காலைவிடத் தோளும் கண்ணும்தான்.

வலப்பக்கம் போவதாக இருந்தால்: வலது கால் டிஃபெண்டரின் காலுக்குப் பக்கவாட்டில் உரசிப் போகட்டும், பந்தை அந்தக் காலுக்கும் முன்னால் தள்ளி அடியுங்கள். "டப்" சத்தம் கேட்ட பிறகுதான் இடது கால் எழ வேண்டும்.

இடப்பக்கம்: வலது காலே குறுக்கே வரும். பந்தை முட்டிக்குக் கீழே தாழ்த்தி இடது பக்கம் வீசி எடுத்து, இடது கையால் முன்னே தள்ளுங்கள். பந்தை நெஞ்சு உயரத்தில் கொண்டுபோனால் டிஃபெண்டர் தட்டிவிடுவான்.

சரியாக வருகிறதா என்று பார்க்கக் கோச் வேண்டாம். மொபைலைக் கழற்றிப்போட்ட செருப்பில் சாய்த்து, கால் தெரிகிற மாதிரி வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினால் பந்துக்கும் விரலுக்கும் இடையில் வெளிச்சம் தெரியும் ஒரு ஃப்ரேம் வரும். அதில் இடது ஷூவின் முனை தரையில் இருக்கிறதா? இருந்தால் பாஸ். தினமும் பக்கத்துக்கு இருபது. இது சுத்தமாகும் வரை ஸ்டெப்-பேக் பக்கமே போகாதீர்கள்.

ஸ்டெப் 4: முடிப்பது

முதல் அடி சரியாக இருந்தால் விங்கிலிருந்து ஒரு டிரிபிள், இரண்டு அடி, லே-அப். உயரம் குறைவானவர்களுக்கு இரண்டு டிரிபிள். பெரிய பையன் நடுவில் வந்து நின்றால் யூரோ ஸ்டெப்: ஒரு பக்கம் நீள அடி, மறுபக்கம் அடுத்த அடி. மார்சியுலியோனிஸ் என்பிஏவுக்குக் கொண்டுவந்து, ஜினோபிலி பிரபலமாக்கிய வேலை. முதல் அடியில் வேகத்தைக் குறைத்தால்தான் அவன் அசைவான். ஒரே வேகத்தில் வளைந்து வளைந்து ஓடுவது யூரோ ஸ்டெப் இல்லை.

ஜிம்மி பட்லர் மாதிரி இரண்டு காலில் நின்று ஷாட் ஃபேக் (எறிவது போல் ஏமாற்றுவது) போடுவதற்கே என் ஓட்டு. சிமெண்டில் முட்டிக்கும் நல்லது. ஃபேக்கில் பந்து கண் உயரம் வரை, முட்டி மடங்கியே. முட்டி நிமிர்ந்துவிட்டால் அடுத்து குதிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

ஸ்டெப் 5: ஃபவுல் வாங்குவது வேறு, நடிப்பது வேறு

கணக்குப் பாருங்கள். நடுத்தூர ஷாட்டில் பத்துக்கு நாலு போட்டால் ஷாட்டுக்கு 0.8 பாயிண்ட். மூன்று பாயிண்டரில் மூன்றுக்கு ஒன்று போட்டால் 1. இரண்டு ஃப்ரீ த்ரோ, பத்துக்கு ஏழு விழும் கை என்றால் 1.4. டிரோசன் மாதிரி ஆட்கள் ஃபேக் போட்டு ஃபேக் போட்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவது இதனால்தான். இந்தக் கணக்குதான் ஃப்ளாப்பிங்குக்கும் (ஃபவுல் வாங்க நடித்து விழுவது) காரணம்.

டிஃபெண்டர் ஃபேக்குக்கு மயங்கிக் குதித்துவிட்டான், அவன் விழப்போகும் பாதையில் நீங்கள் நேராக மேலே எழும்புகிறீர்கள்: ஃபவுல் அவனுடையது. அவன் நேர் மேலே கையைத் தூக்கி நிற்கிறான், நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்து அவன் மேல் மோதுகிறீர்கள்: ஒன்றுமில்லை, அல்லது ஃபவுல் உங்களுடையது. என்பிஏவும் 2021-22 சீசனிலிருந்து இப்படிச் சாய்வது, காலை உதைத்து நீட்டுவது, கையைக் கோர்ப்பது எதற்கும் ஃபவுல் தராதே என்று ரெஃபரிகளுக்குச் சொல்லிவிட்டது.

நடித்து விழுந்தால் அங்கே 2023-24 முதல் டெக்னிக்கல் (நடத்தைக்கான ஃபவுல்), எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஆனால் அந்த டெக்னிக்கலால் ஆட்டத்தை விட்டு வெளியேற்ற மாட்டார்கள். நாம் ஆடும் ஃபிபா விதி கடுமை. முதலில் எச்சரிக்கை, திரும்பச் செய்தால் டெக்னிக்கல். அது உங்கள் ஐந்து ஃபவுலில் ஒன்றாகவும் அணியின் ஃபவுலாகவும் சேரும். இரண்டு டெக்னிக்கல் ஆனால் வெளியே.

ரெஃபரி எதைப் பார்க்கிறார்? மோதியது நெஞ்சில், ஆனால் தலை மட்டும் பின்னால் பறக்கிறது. மோதி ஒரு நொடி கழித்து விழுகிறான். வலப்பக்கம் இடித்தால் வலப்பக்கமே சாய்கிறான். இடிபடும் முன்பே வாய் கத்துகிறது. இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த உண்மையான ஃபவுலும் கிடைக்காது. லோக்கல் டோர்னமெண்டில் ரீப்ளே இல்லை, உங்கள் முகம்தான் ரீப்ளே. போதாததற்கு நீங்கள் தரையில் கிடக்கும்போது உங்கள் அணி நாலு பேராக ஓடிக்கொண்டிருக்கும்.

டிஃபென்ஸில் சார்ஜ் (பந்தோடு வந்து மோதுபவன் மேல் ஃபவுல்) வாங்குவது நடிப்பு இல்லை. அவனைப் பார்த்தபடி இரண்டு காலும் தரையில் வைத்து முதலில் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும், அடி நெஞ்சில் விழ வேண்டும். சிலை மாதிரி நிற்கத் தேவையில்லை, பின்னால் நகரலாம். ரிங்குக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டத்தில் கால் பட்டாலே சார்ஜ் கிடைக்காது. விழும்போது தாடை நெஞ்சில், முதலில் பிட்டம், பிறகு முதுகு. உள்ளங்கையை ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். இதைச் சிமெண்டில் பழகவே கூடாது; ஸ்கூலில் லாங் ஜம்ப் மணல்குழி இருந்தால் அங்கே பத்து தடவை விழுந்து பாருங்கள்.

பின்சேர்ப்பு

"ஓடிக்கொண்டே பாஸ் வாங்கினால் எத்தனை அடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பந்து கையில் பிடிபடும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு அடி. ஆனால் அங்கிருந்து டிரிபிள் போடுவதாக இருந்தால், இரண்டாவது அடி தரையில் படும் முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஸ்டெப் 3 எல்லாம் நின்று வாங்கியவர்களுக்கு.

இடது கைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல் மாற்றிக்கொள்ளுங்கள். பிவட் வலது கால்.

கடலோரக் கோர்ட்டில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று வீசும். உயர வளைவு போட்டு எறியும் கார்னர் ஷாட்டைத்தான் அது அதிகம் திருப்பும். அந்த நேரத்தில் டிரைவும் நடுத்தூர ஷாட்டும் பழகுங்கள், மூன்று பாயிண்டரை விடியற்காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.