புது ஸ்டாண்டர்டு ஜூம் லென்ஸை முதல் வாரத்தில் சோதித்துப் பார்ப்பது எப்படி

புதிதாக ஒரு ஸ்டாண்டர்டு ஜூம் லென்ஸ் (அகலக் காட்சியிலிருந்து முகப்படம் வரை எடுக்கும் 24-70 மி.மீ. போன்றது) வாங்கும் எங்கள் பக்கத்து நண்பர்கள் அதை முதலில் தூக்கிக்கொண்டு போகும் இடம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்தான். மாலை வெயில் விமானத்தின் மேல் விழும் நேரத்தில் நாலு படம் எடுத்து, கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்து, "நல்ல ஷார்ப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தில் விமானம் நடுவில் நிற்கிறது. மேல் மூலைகளில் வெறும் வானம், கீழ் மூலைகளில் புல்தரை. நடுவில் ஏறக்குறைய எல்லா லென்ஸும் நன்றாகத்தான் எடுக்கும். கோளாறு இருந்தால் அது ஓரங்களில் இருக்கும், அதை வானம் காட்டிக்கொடுக்காது.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு ஜூமைப் பெட்டியைப் பிரித்த கையோடு உறவினர் வீட்டு வளைகாப்புக்கு எடுத்துப்போனேன். குழுப் படங்களில் இடக்கோடியில் நின்ற பெரியப்பாவின் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்ததுபோல் கலங்கியிருந்தது. கை அசைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, கேமராவை முக்காலியில் வைத்து, ஆளில்லாத கல்யாண மண்டபம் ஒன்றை எடுத்தபோதும் அதே இடக்கோடி, அதே கலக்கம். மாற்றித் தரும் கெடு தாண்டிவிட்டது என்றார் கடைக்காரர். சேவை மையத்தில் கொடுத்தேன். அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதாக ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது.

இணையத்தில் நாம் படிக்கும் மதிப்புரைகள் அந்த லென்ஸின் வடிவமைப்பைப் பற்றிப் பேசுகின்றன. நாம் காசு கொடுத்து வாங்கி வந்திருப்பதோ 15 முதல் 20 கண்ணாடிகளை அடுக்கிப் பொருத்திய ஒரு தனி உருப்படி. அவற்றில் ஒன்று மயிரிழை சாய்ந்திருந்தால், உலகமே மெச்சும் லென்ஸாக இருந்தாலும் நம் கைக்கு வந்த பீஸ் சரியில்லாத பீஸ்தான். ஆகவே முதல் வாரத்தில் செய்யவேண்டிய முதல் வேலை, இந்த லென்ஸ் நல்ல லென்ஸா என்று பார்ப்பதைவிட, இந்த பீஸ் நல்ல பீஸா என்று பார்ப்பது. மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதை பில் போடும்போதே கேட்டு, பில்லின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியும் கையும்

பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் வீடியோவாக எடுத்து வைப்பது நல்லது. பெட்டியிலும் உத்தரவாத அட்டையிலும் லென்ஸின் உடம்பிலும் உள்ள வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரிரு தூசுப் புள்ளிகள் தெரியும். அவை படத்தில் விழாது, அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நூல்போல் கிளைத்த கோடுகளோ புகை படிந்தாற்போன்ற மங்கலோ இருந்தால் அன்றே கடைக்குத் திரும்புங்கள். லென்ஸை மெல்ல ஆட்டும்போது உள்ளே லேசாகத் தட்டும் ஒலி கேட்டுப் பலர் பதறுகிறார்கள். ஃபோகஸை நகர்த்த லீனியர் மோட்டார் உள்ள லென்ஸ்களிலும், கை நடுக்கத்தை ஈடுகட்டும் அசைவுநீக்கி உள்ள லென்ஸ்களிலும், மின்சாரம் இல்லாதபோது உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதி கட்டவிழ்ந்து கிடப்பதால் அந்த ஒலி வருவது இயல்பு.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கான் 2015இல் டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்குக் கொண்டுவந்த அசைவுநீக்கியுள்ள 24-70 மி.மீ. எஃப் 2.8 (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது) லென்ஸ் ஒரு கிலோவைத் தாண்டி 1070 கிராம் இருந்தது. சோனியின் முதல் 24-70 ஜிஎம் லென்ஸ் 2016இல் 886 கிராம். 2022இல் வந்த இரண்டாம் பதிப்பு 695 கிராம். டாம்ரான் 2018இல் 28-75 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை 550 கிராமில் கொண்டுவந்தபோது, விடியற்காலை முகூர்த்தத்தில் தொடங்கி மதியப் பந்தி வரை கேமராவைக் கீழே வைக்காமல் நிற்கும் கல்யாணப் புகைப்படக்காரர்களுக்கு 24-க்கும் 28-க்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் வேறுபாடு உண்டு. 24 மி.மீ.யில் மூலைக்கு மூலை 84 பாகை விரியும் பார்வை, 28 மி.மீ.யில் 75 பாகைதான். மணமேடைக்கு முன்னால் பின்வாங்க இடமில்லாமல் முதல் வரிசை நாற்காலியில் முதுகு இடிக்கும்போதுதான் அந்த 9 பாகையின் அருமை தெரியும். லென்ஸைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஜூம் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். ஜூம் வளையம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே இறுக்கத்தில் சுழலவேண்டும். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

வயலே சோதனைச் சாலை

டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நம் நிலம் தட்டையானது. ஊருக்கு வெளியே வரப்பில் நின்றால் இடக்கோடி தென்னந்தோப்பிலிருந்து வலக்கோடி தென்னந்தோப்பு வரை எல்லாமே தொலைவில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும். மலையடிவார ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு சோதனைப் பலகை எளிதில் கிடைக்காது. அந்த வெளியில் முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு செல்போன் டவர் நிச்சயம் நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அதன் இரும்புச் சட்டங்களைவிடச் சிறந்த சோதனை உருவம் எனக்குத் தெரிந்து இல்லை. பார்க்க அழகில்லாத அந்த டவர் உருப்படியாகப் பயன்படும் ஒரே வேளை இது.

காலை ஆறரை மணிக்குப் போங்கள். சித்திரை, வைகாசியில் 9 மணிக்கே வயலுக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அந்தக் கானலில் எந்த லென்ஸும் தோற்கும். மார்கழியில் பனி விலகும்வரை காத்திருங்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசைவுநீக்கியை அணைத்து, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 100-இல் வைத்து, கேமரா மெருகூட்டாத ரா கோப்பாகப் பதிவுசெய்யுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 வினாடி டைமரில் விடுங்கள். லென்ஸை 24 மி.மீ.யில், ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை முழுவதும் திறந்து எஃப் 2.8-இல் வையுங்கள். டவரைச் சட்டகத்தின் நடுவில் கொண்டுவந்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இனி ஃபோகஸ் வளையத்தைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு படம் எடுத்தபின், முக்காலியின் தலையைத் திருப்பி அதே டவரின் உச்சியை மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என்று ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு படம் எடுங்கள். மொத்தம் ஐந்து படங்கள். இதையே 35, 50, 70 மி.மீ.களிலும், பிறகு எஃப் 5.6-இலும் செய்யுங்கள். நாற்பது படம், அரைமணி நேர வேலை.

வீட்டுக்கு வந்து கணினியில் நூறு விழுக்காட்டில் நான்கு மூலைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவைவிட மூலைகள் மென்மையாக இருப்பது குற்றமில்லை. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு மென்மையாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. மூன்று மூலைகளில் டவரின் சட்டங்களை எண்ண முடிந்து, நான்காவதில் அவை ஒன்றோடொன்று குழைந்து கிடந்தால், உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியோ சாய்ந்தோ இருக்கிறது என்று பொருள். சந்தேகமிருந்தால் மறுநாள் காலை மீண்டும் போய், அந்த மூலையில் டவரை வைத்து அங்கேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். அப்போது தெளிந்தால் ஃபோகஸ் தளம், அதாவது படம் கூர்மையாக விழும் பரப்பு, சாய்ந்திருக்கிறது. அப்போதும் தெளியவில்லை என்றால் மையவிலகல்தான். நான்கு மூலைகளும் அங்கங்கே ஃபோகஸ் செய்யும்போது ஒரே மாதிரி தெளிந்து, நடு மட்டும் கலங்கினால், அது பீஸின் கோளாறு அன்று. ஃபோகஸ் தளம் வளைந்திருக்கும்படியாகவே அந்த லென்ஸ் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றிக் கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் அடுத்த பீஸும் அப்படித்தான் இருக்கும்.

படத்தைப் பதியும் சென்சாரோ, லென்ஸ் பொருந்தும் மவுண்ட்டோ கேமராவில் சாய்ந்திருந்தாலும் இதே அடையாளம் தெரியக்கூடும் என்பதால், கைவசமுள்ள இன்னொரு லென்ஸிலும் ஒரு சுற்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் புது லென்ஸின்மேல் பழி போடவேண்டும். எந்த ஜூமும் நான்கு மூலையிலும் அச்சுப்பிசகாமல் இருக்காது. நூறு விழுக்காட்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்து, எஃப் 5.6-இல் மறைந்துவிடும் வேறுபாட்டை நான் பொறுத்துக்கொள்வேன். எஃப் 8-இலும் மறையாததைப் பொறுக்கமாட்டேன்.

சுவரை வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டு எழுத்துகள் அதற்கு ஆசையைத் தூண்டும். ஆனால் கேமரா சுவருக்குத் துல்லியமாக நேராக நிற்கவில்லை என்றால் ஒரு பக்கம் கலங்கும், அதை லென்ஸின் குறை என்று எண்ணி ஏமாறுவோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அந்த இடத்தில் முன் அனுமதி இல்லாமல் முக்காலி விரிக்கவும் முடியாது. பெரிய கோயிலில் பார்க்கத்தக்கது வேறொன்று: பிராகாரத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையின் தூண் வரிசை. 24 மி.மீ.யில் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு தூணை நிறுத்தினால் அது எவ்வளவு வளைகிறது என்று தெரியும். கேமராவின் மென்பொருள் திருத்தத்தை அணைத்தும் ஒருமுறை பாருங்கள். உள்ளே ஆடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களுக்கான லென்ஸ்கள் பலவற்றில் வளைவைத் திருத்தும் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டிருக்கிறது. அது மூலைகளை இழுத்து நீட்டுவதால் அங்கே கூர்மை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

விளக்கும் வெயிலும்

பீஸ் தேறிவிட்டது என்றால், லென்ஸின் குணத்தைப் பார்க்கலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்றை முற்றத்து வெயிலில் வைத்து, 70 மி.மீ.யில் எஃப் 2.8-இல், அதன் நடுத்தண்டின்மேல் ஃபோகஸ் செய்து எடுங்கள். பித்தளையில் வெயில் தெறிக்கும் புள்ளிகளில், ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவை ஊதாவாகவும் பின்னால் இருப்பவை பச்சையாகவும் கரைகட்டியிருந்தால், அது நீள்வாட்டு நிறப்பிழை. மெல்லிதாக இருந்தால் மென்பொருளில் குறைக்கலாம். முத்துமாலையும் சரிகையும் எடுக்கிறவர்கள் இதைக் கவனித்தே ஆகவேண்டும்.

இரவில் அதே விளக்கை ஏற்றி, பின்னால் சில அடி தள்ளி அகல்விளக்குகளை வரிசையாக வையுங்கள். ஃபோகஸில் இல்லாத சுடர்கள் வட்டங்களாக விரியும். வட்டத்துக்குள் வெங்காயத்தை அறுத்த மாதிரி வளையங்கள் தெரிந்தால், அது அச்சில் வார்த்த அஸ்பெரிக்கல் (கோளவடிவம் அல்லாத) கண்ணாடியின் தடம். ஓரத்து வட்டங்கள் பூனைக்கண்போல் ஒடுங்குவது எஃப் 2.8 ஜூம்களில் வழக்கம். கார்த்திகைக்குப் படம் எடுக்கும் ஆசையுள்ளவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

எதிர்வெயிலுக்குத் திருவையாற்றுப் படித்துறை போதும். சூரியன் இறங்கும் வேளையில் அதைச் சட்டகத்தின் நடுவிலும், மூலையிலும், சட்டகத்துக்குச் சற்று வெளியிலும் வைத்து எடுங்கள். பெரும்பாலான லென்ஸ்கள் கடைசி நிலையில்தான் வெளிறித் தடுமாறும்; வெயிலை மறைக்கும் ஹூட்டைப் போட்டும் கழற்றியும் பாருங்கள். கடைக்காரர் தலையில் கட்டிய, முன்கண்ணாடியை மூடும் யூவி ஃபில்டரை இந்தச் சோதனைக்கு முன் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஃபில்டரின் பாவத்தை லென்ஸ் சுமக்கும்.

அருகிலிருந்து எடுப்பதைத் தாராசுரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கல் தேராக நிற்கும் அந்த மண்டபத்தின் தூண்களில் உள்ளங்கையளவுச் சிற்பங்கள் நிறைய உண்டு. லென்ஸ் ஃபோகஸ் ஆகும் மிகக்குறைந்த தூரம் வரை நெருங்கி, 24 மி.மீ.யிலும் 70 மி.மீ.யிலும் எடுங்கள். 24 மி.மீ.யில் அவ்வளவு நெருங்கினால் ஹூட்டின் நிழலே சிற்பத்தின்மேல் விழுந்துவிடும், 70 மி.மீ.யில் நெருங்க முடிவதுதான் உண்மையில் பயன்படும்.

ஆட்டோஃபோகஸுக்கு, வரப்பில் உங்களை நோக்கி வேகமாக நடந்து வரும் ஒருவரைக் கண் கண்டறியும் வசதியோடு தொடர்ச்சியாக 20 படம் எடுத்து, எத்தனை கண்ணில் நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஓமப்புகைக்கு நடுவே ஃபோகஸ் தாவுவதை வைத்து லென்ஸைக் குறைசொல்ல வேண்டாம். புகைக்கு முன்னால் எல்லா லென்ஸும் தடுமாறும்.

ஈரம்

ஐப்பசி முதல் நம் காற்றில் தண்ணீர்தான் அதிகம். நாகப்பட்டினம் பக்கம் உப்பும் சேர்ந்துகொள்ளும். பூஞ்சைக்கு இதைவிட ஏற்ற பருவமில்லை. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியோ, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியுமோ வேண்டும். நெல் விளையும் ஊர் என்பதால் அரிசி டின்னுக்குள் லென்ஸை வைக்கச் சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அரிசித் தூள் ஜூம் வளையத்தின் இடுக்கில் புகுந்தால் எடுக்க முடியாது. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது கேமராப் பையைத் திறக்காமல் கால்மணி நேரமாவது வைத்திருந்தால் கண்ணாடியில் வியர்க்காது.

கடைக்குத் திரும்ப நேர்ந்தால்

ஒரு மூலை தேறவில்லை என்றால், வாயால் விளக்கப் போகாதீர்கள். அந்த ஐந்து படங்களின் ரா கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடைக்காரரின் கணினியிலேயே அருகருகே திறந்து காட்டுங்கள். இடக்கோடி, வலக்கோடி என்று பேசினால் வாதம் வளரும்; ஒரே டவரை நான்கு மூலையிலும் பார்த்தால் கண்ணுள்ள எவரும் ஒப்புக்கொள்வார். மாற்றிக் கொடுக்கும் லென்ஸின் வரிசை எண்ணைப் புதிய பில்லில் எழுதி வாங்குங்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, அதையும் அதே வரப்புக்குக் கொண்டுபோய் அதே டவருக்கு எதிரில் நிறுத்துங்கள்.